நெகட்டிவ் என்றால் ஒன்றுமில்லை

இதை நான் தப்பாகத்தான் சொல்லப்போகிறேன். எதையும் முதலில் இருந்து சொல்ல எனக்கு வராது. நடுவில் ஆரம்பிப்பேன், பயந்து பின்னால் ஓடுவேன், பிறகு சொல்ல வந்ததையே விட்டுவிடுவேன். ஏழாம் வகுப்போடு நின்றவள். ஒரே ஒரு வார்த்தையை ஒரு தடவை தப்பாகச் சொன்னேன், அதற்கு மூன்று பிள்ளைகள் போயின. அப்படிப்பட்டவள் வாயைத் திறக்கலாமா? ஆனாலும் அந்த மத்தியானத்தைச் சொல்ல வேண்டும். தை மூன்றாம் தேதி, கல்யாண மண்டபத்தின் பின்கட்டு, மறுநாள் முகூர்த்தம். அவியலுக்கு விரல் நீளத்துக்குக் காய் வெட்ட வேண்டும். நான் அரிவாள்மனையை மிதித்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே தங்கபுஷ்பம் முருங்கைக்காயை ஒடித்து நார் உரிக்கிறாள். நடுவில் சேனைக்கிழங்கு, வெள்ளரி, வாழைக்காய், வெட்டி முடிக்காத பூசணி. மணி இரண்டு. ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் சபரிமலையில் இருந்து வருகிறார். மாலையைக் கழற்றுவார். கழற்றிவிட்டால் அவர் மறுபடி சுயம்புலிங்கம் ஆகிவிடுவார். எனக்கு மிச்சம் இருப்பது நான்கு மணி நேரம். பூசணியின் வயிற்றில் கையைவிட்டுக் குடலையும் விதையையும் வழித்து எடுக்கிறேன், சில்லென்று இருக்கிறது. என்னையும் இப்படித்தான் வழித்தார்கள், போன ஆடியில். விளக்கு வெளிச்சம், ஒரு தட்டு, தட்டில் விழுகிற சத்தம். பார்க்காதே என்று ஆயா என் முகத்தைத் திருப்பினாள். நான் பார்த்தேன்.

“என்ன மயினி, இன்னைக்குச் சாமி வந்திருவாருல்லா?” என்கிறாள் தங்கபுஷ்பம். “நாப்பத்தொரு நாள் பட்டினி. ராத்திரி கட்டிலு தாங்குமா?” பாத்திரம் கழுவுகிற பெண்கள் அங்கிருந்தே சிரிக்கிறார்கள். சமையல் மாஸ்டர் பெருமாள் அண்ணாச்சி, “ஏட்டி, வாய் வேலை பாக்குது, கை நிக்குது. பிரமு, பூசணி அங்க கிடந்து அழுவுது பாரு,” என்று கரண்டியால் அண்டாவைத் தட்டுகிறார். பிரம்மசக்தி என்று பெயர் வைத்து பிரமு என்று கூப்பிடுகிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். சிரிக்காவிட்டால் என்ன என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டி வரும், சொன்னால் தப்பாகச் சொல்வேன். கத்தி இறங்குகிறது. இது கூர்மையான அரிவாள்மனை, அண்ணாச்சி பொங்கலுக்கு முன்னால் சாணை பிடித்தது. விரல் ஒரு நூல் தவறினால் போதும். மற்றவளுக்கு விரல் வெட்டினால் விரல்தான். எனக்கு வெட்டினால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் ரத்தம் பி நெகட்டிவ். வீட்டுக்காரருக்கு அது தெரியும். தெரிந்த நாளில் இருந்து அதைச் சொல்லித்தான் அடிக்கிறார். “உன்னையக் கொல்ல அருவா எதுக்குட்டி? ஒரு கீறல் போதும். ஊத்த ரத்தம் கிடையாது ஊர்ல.” எவர்சில்வர் டம்ளர் புருவத்தில் பட்டுப் பிளந்த அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார், வாசற்படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு. நான் காப்பித்தூளை அள்ளி அப்பிக்கொண்டு நின்றேன். காப்பித்தூள் நனைந்து நனைந்து விழுந்தது. எவ்வளவு போனால் செத்துப்போவோம்? ஒரு டம்ளரா, ஒரு செம்பா? யாரிடம் கேட்பது? நின்றபடியே தரையில் விழுந்ததைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன்.

நெகட்டிவ். அந்த வார்த்தையை நான் முதல் முதலில் கேட்டது மாமனாரின் சளியில். அவருக்கு டி.பி. இருக்குமோ என்று டம்ளரில் துப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். நெகட்டிவ் என்று சீட்டு வந்தது. கம்பவுண்டர், “ஒண்ணுமில்ல பாட்டையா, நெகட்டிவ், போய்க் கறிச்சோறு தின்னும்,” என்றாராம். வீடே கொண்டாடியது. அத்தை, என் மாமியார், தெரு முழுக்கச் சொன்னாள், எங்க வீட்டு ஆளுக்கு நெகட்டிவ், நெகட்டிவ் என்று, ஏதோ பட்டம் வாங்கின மாதிரி. அதற்கு அடுத்த மாதம்தான் எனக்கு முதல் பிரசவம். அஜிதா பிறந்தாள், சுகமாக, கத்திக்கொண்டு. நர்ஸ் வந்து சீட்டைப் பார்த்து, “நீ நெகட்டிவ்மா. பிள்ளை பாசிட்டிவ். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள உனக்கு ஒரு ஊசி போடணும். டாக்டர் எழுதுவாரு, போயிராத,” என்றாள். அவள் சரியாகத்தான் சொன்னாள். அவள் மேல் குற்றம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அத்தை ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள், ராகுகாலத்துக்கு முன்னால் வீடு சேர வேண்டும் என்று. “நர்ஸு உன்கிட்ட என்னமோ சொன்னாளே, என்னவாம்?” என்றாள். நான் சொன்னேன், “நெகட்டிவாம்.” அவள், “அப்ப ஒண்ணுமில்லன்னுதான?” என்றாள். நான் ஆமா என்றேன். ஆமா என்றேன். ஊசி என்று சொன்னது காதில் இருந்தது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு ஊசி எதற்கு என்று எனக்கே பட்டது. பாசிட்டிவ் என்றதுதான் பயமாக இருந்தது, பிள்ளைக்கு ஏதோ இருக்கிறது என்று. பிள்ளைக்குத் திருஷ்டி கழித்தோம். எனக்கு நெகட்டிவ், பிள்ளைக்குப் பாசிட்டிவ், நாங்கள் பிள்ளைக்குச் சூடம் சுற்றினோம்! இப்போது நினைத்தால் தலையை அண்டாவில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆட்டோவில் ஏறும்போது அந்த நர்ஸ் வராந்தாவின் கடைசியில் வேறு யாருக்கோ கட்டு போட்டுக்கொண்டிருந்தாள். கையைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

வாழைக்காய்த் தோல் கையைக் கருப்பாக்குகிறது. இரண்டாவது எட்டு மாதத்தில் வந்தது. ஆண். தண்ணீர் கோத்து, கண் இமை பொம்மென்று, தொட்டால் விரல் பதிகிற மாதிரி. மூச்சு இல்லை. மூன்றாவது உயிரோடு வந்தது. ஆண். மறுநாள் மஞ்சள், அதற்கு மறுநாள் இன்னும் மஞ்சள், அரைத்துப் பூசினது போல உள்ளங்கால் வரைக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், உடம்பு ரத்தத்தை முழுக்க மாற்ற வேண்டும் என்றார்கள். அத்தை வெயிலில் காட்டினால் போகும் என்றாள். வெயிலில் காட்டினோம். நான்கு நாள். வாய் திறந்து அழுதான், சத்தம் வரவில்லை, பிறகு வில்லாய் வளைந்தான். அதைச் சொல்லமாட்டேன். அதன் பிறகுதான் ஒரு டாக்டரம்மா என்னை உட்காரவைத்து விளக்கினாள். “முதல் பிரசவத்துலயே அந்த ஊசி போட்டிருக்கணும். இப்ப போட்டுப் பிரயோஜனம் இல்ல. உன் ரத்தம் பிள்ளையோட ரத்தத்தைப் பகைன்னு நினைச்சுக்கிடுது. நினைச்சு அடிக்குது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடப் பலமா அடிக்கும்.” அடிக்கிறது என்றாள். வேறு என்ன சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. அடி எனக்குத் தெரியும். முதல் அடியில் கை கொஞ்சம் தயங்கும், இரண்டாவதில் தயங்காது, பிறகு கைக்குப் பழகிவிடும், காரணம் வேண்டாம், ஆள் இருந்தால் போதும். என் உள்ளேயும் அப்படி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். என் ரத்தத்தில் ஒரு சுயம்புலிங்கம். கண் திறக்காத பிள்ளையைச் சுவரோடு சேர்த்து அடிக்கிறான். அடிபட அடிபடப் பிள்ளை மஞ்சளாகிறது. நான் வெளியே தாலாட்டுப் பாடிக்கொண்டு வயிற்றைத் தடவுகிறேன். அத்தை சரியாகத்தான் சொல்கிறாள், பிள்ளையைத் தின்ன ரத்தம் என்று. இல்லை, அவள் சொல்வது சரி இல்லை. ஆட்டோவைக் கொண்டு வந்தது யார்? ஆனால் ஆமா என்றது நான்தானே.

“ஏட்டி பிரமு, அது விரல் நீளமா? ஒட்டகத்துக்கா வெட்டுத?” என்கிறார் அண்ணாச்சி. பார்க்கிறேன், வெள்ளரிக்காய் ஒவ்வொன்றும் சாண் நீளம் கிடக்கிறது. மறுபடி எடுத்து வெட்டுகிறேன். மணி மூன்று. நான்காவது போன ஆடியில், ஐந்தாம் மாதம். அதை நான் நூறு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது. சாயங்காலம் மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது. அவர் எழுந்தார். நான் சுவர் மூலைக்குப் போனேன், வயிற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன், அவர் தோளைப் பிடித்து இந்தப்பக்கம் திருப்பினார். கால். ஒரு தடவைதான். இரண்டாவது தடவை தூக்கினார், ஆனால் அதற்குள் நான் கீழே இருந்தேன். ராத்திரிக்கெல்லாம் பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை ஏற்கனவே செத்திருந்ததா, அப்போதுதான் செத்ததா? டாக்டரம்மாவைக் கேட்டேன். வயிற்றில் அடிபட்டாலே இரண்டு ரத்தமும் கலந்துபோகும் என்றாள். எது முந்தியது என்று அவள் சொல்லவில்லை. அவர் கால் முந்தியதா, என் ரத்தம் முந்தியதா. அவர் கால் முந்தியிருந்தால் நான் குற்றமில்லாதவள். என் ரத்தம் முந்தியிருந்தால் அவர் செத்த பிள்ளையைத்தான் மிதித்தார், அவரும் குற்றமில்லாதவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தால்? இரண்டு பக்கத்தில் இருந்தும். நடுவில் ஐந்து மாதத்துப் பிள்ளை. அன்றைக்கு எனக்கு ரத்தம் நிற்கவில்லை. கட்டிலுக்குக் கீழே வாளி வைத்தார்கள். என் வகை ரத்தம் இங்கே இல்லை, பக்கத்து ஊரிலும் இல்லை, போன் போட்டுப் போட்டு ஒரு பஸ் கண்டக்டர் டூட்டி உடையோடு வந்து படுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த டிரிப்புக்கு ஓடினாராம். இன்னொருத்தர் யாரென்றே தெரியாது. அந்த இரண்டு பேர் ரத்தம் என் ரத்தத்தோடு சண்டை போடவில்லை. சும்மா வந்து கலந்து என்னைப் பிழைக்க வைத்தது. விழித்தபோது டாக்டரம்மா சொன்னாள், “இன்னொரு தடவை உண்டானா பிள்ளையும் தங்காது, நீயும் தங்கமாட்ட. ரெண்டாவது தடவையும் கண்டக்டர் கிடைப்பாருன்னு நம்பாத.”

அவரிடம் சொன்னேன். நான் சொன்னால் எப்படி இருக்கும்? “இனி வேண்டாமாம்,” என்றேன். அவர், “எவ சொன்னா?” என்றார். பிள்ளை உண்டாகாமல் இருக்க வளையம் வைத்துப் பார்த்தார்கள், ரத்தப்போக்கு தாங்காமல் எடுத்துவிட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள், அத்தை அரிசிப்பானையில் கண்டுபிடித்து அடுப்பில் போட்டாள். கிராமத்து நர்ஸ் கிளாரம்மா மட்டும்தான் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள், “குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிருவோம். உன் கையெழுத்து போதும், ஆம்பிளை கையெழுத்து தேவையே இல்ல. ஆனா ரத்த அளவு ஏழுல கிடக்கு. உன் குரூப்பு கையிருப்புல இல்லாம, ஏழை வச்சுக்கிட்டு டாக்டர் கத்தி எடுக்கமாட்டாரு. பத்து ஆக்கிட்டு வா.” பத்து எப்படி ஆக்குவது, மாதத்தில் பாதி நாள் ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறவள்? அப்போதுதான் கார்த்திகை பிறந்தது, அவர் முதல் தடவையாக மாலை போடுகிற வருஷம் அது. கன்னிச்சாமி. ஒன்றாம் தேதி அல்ல, மகரஜோதிக்கு நாள் கணக்குப் பார்த்துப் போட்டார். போட்ட அன்றைக்குச் சாயங்காலம், “சாமி, கொஞ்சம் தண்ணி கொடுங்க,” என்று யாரோ கேட்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் அவர். என்னிடம். பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் கொடுங்க என்றது அன்றைக்குத்தான். தண்ணீர் சிந்தியது, அதற்கும் அடி விழவில்லை. நாற்பத்தொரு நாள். தரையில் தனியாகப் படுத்தார். பீடி இல்லை, பாட்டில் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. நான் இரும்பு மாத்திரையைத் துவரம்பருப்பு டப்பாவில் வைத்து நாளுக்கு இரண்டு தின்றேன், முருங்கைக்கீரை தின்றேன், போன வாரம் ஊசி குத்திப் பார்த்தால் எட்டரை. “நல்லா ஏறுது, இன்னும் ஒரு மாசம், கூடப்போனா ஒன்றரை மாசம்,” என்றாள் கிளாரம்மா. ஒன்றரை மாதத்துக்கு நான் எங்கே போவேன்? இருமுடி கட்டுகிற அன்று எல்லார் முன்னிலையிலும் அவர் நெய்த்தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார், “ஐயப்பா, அடுத்த வருஷம் மகனைத் தோள்ல தூக்கிட்டு வாரேன்.” அத்தை கண்ணைத் துடைத்தாள். சரணம் போட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். மாலை போட்ட முகத்தில் இருந்து பழைய கண் பார்த்தது.

மூன்றே முக்கால். பீட்ரூட் வந்து இறங்குகிறது, பொரியலுக்கு. கை இரண்டும் சிவப்பாகிறது. ரத்தம் மாதிரி என்று தங்கபுஷ்பம் சொல்கிறாள், இவளுக்கு ரத்தம் தெரியாது. ரத்தம் இவ்வளவு அழகாக இராது, காய்ந்தால் செம்மண் நிறம், வாடை வேறு. நான் இந்தப் பீட்ரூட்டை அவர் கழுத்தாக நினைத்துப் பார்க்கிறேன். நினைக்கக் கூடாது. நினைக்கிறேன். தூங்கும்போது தொண்டையில் ஒரு முடிச்சு ஏறி இறங்கும், அதற்கு மேலே. ஒரு இழு. காய்க்குப் பழகிய கைக்கு அது பெரிய வேலை இல்லை. அவன் ரத்தம் ஊரெல்லாம் கிடைக்கிற ரத்தம், ஓ பாசிட்டிவ், வராந்தாவில் நிற்கிற எவனும் கொடுப்பான், அவனைப் பிழைக்கவைத்துவிடுவார்கள். அவன் என்று வந்துவிட்டது. அவர். அஜிதா ஹாஸ்டலில் இருந்து வந்து எதைப் பார்ப்பாள், என்னையா ஜெயிலையா? இல்லை, என் கையையே அறுத்துக்கொள்ளலாம், அது சுலபம், அது அவர் செய்ய நினைப்பதை நானே செய்து கொடுப்பது. இந்த அரிவாள்மனையைப் பார்க்காதே. பீட்ரூட்டைப் பார். ராத்திரி என்ன ஆகும்? மாட்டேன் என்பேன். என்ன என்பார். தலைமுடியைப் பிடிப்பார். நாற்பத்தொரு நாள் அடக்கிவைத்த கை. முடிந்த பிறகு நான் நாள் எண்ணிக்கொண்டு கிடப்பேன், வருமா வராதா என்று, வராமல் போனால் உள்ளே அந்த ஆள் எழுந்து கையை முறுக்கிக்கொண்டு நிற்பான். அம்மா வீடு இல்லை, அம்மா இல்லை. அண்ணன் வீட்டுக்கு இரண்டு தரம் போய் இரண்டு தரமும் அவனே கொண்டுவந்து விட்டான். ஹாஸ்டல் பிள்ளையிடம் போய் ஒளிய முடியுமா? ஒன்றரை மாதம். என்னைத் தொடாமல் ஒன்றரை மாதம் யார் தருவார்?

வாசலில் ஆள் சத்தம். சிவப்புச் சேலை கட்டி ஆறேழு பெண்கள் வருகிறார்கள், கழுத்தில் துளசிமணி, நெற்றி நிறையக் குங்குமம். மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காட்டு அம்மனிடம் இருமுடி கட்டிப் போகிறவர்கள், இன்றைக்குத்தான் மாலை போட்டவர்கள். கஞ்சி காய்ச்ச ஒரு அண்டா இரவல் வேண்டுமாம். முன்னால் வருகிறவள் செல்லக்கனி, அவர்களுக்குக் குருசாமி, மற்ற நாளில் கருவாடு விற்கிறவள். கருவாட்டுக்கூடையோடு வந்தால் பெருமாள் அண்ணாச்சி தூரத்திலேயே, “ஏய், அங்கயே நில்லு, நாத்தம்,” என்று கத்துவார். இப்போது அவர் செருப்பைக் கழற்றுகிறார். “வாங்க தாயி. எந்த அண்டா வேணும்?” என்று கும்பிட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி வழி விடுகிறார். கியாஸ் சிலிண்டர் தூக்குகிற முரடன் ஒருவன், பெண்களை இடிக்காமல் நடக்கத் தெரியாதவன், சேலை முந்தி தன்மேல் பட்டுவிடக் கூடாதே என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறான். “தொடாதல, மாலை போட்டிருக்காவ,” என்று அண்ணாச்சி அவனை அதட்டுகிறார். தொடாதே. என் கையில் பாதி பீட்ரூட் இருக்கிறது. செல்லக்கனி தூரத்தில் இருந்து என் புருவத் தழும்பைப் பார்க்கிறாள், பார்த்துவிட்டு அண்டாவைத் தூக்கச் சொல்லி நடக்கிறாள். நான் எழுந்திருக்கிறேன். அரிவாள்மனையை மடக்கிப் படுக்கவைக்கிறேன். “எங்கட்டி போற? பீட்ரூட்டை எவ வெட்டுவா?” என்கிறார் அண்ணாச்சி. “தங்கபுஷ்பத்துக்கிட்ட கொடுங்க,” என்கிறேன்.

அவர்கள் பின்னாலேயே போய், கோயில் குழாயடியில் நான்கு குடம் தலையில் ஊற்றிக்கொண்டேன். பீட்ரூட் சாயம் முழுக்கப் போகவில்லை. யாரோ ஒரு சிவப்புச் சேலை கொடுத்தார்கள். செல்லக்கனி மணியைப் பாலில் நனைத்துக்கொண்டே, “எத்தனை நாள்?” என்றாள். நாற்பத்தொன்று என்றேன். “வீட்டுல கேட்டியா?” இல்லை என்றேன். “வீட்டுக்காரரு இன்னைக்குத்தான மலையில இருந்து வாராரு?” ஆமா என்றேன். இந்த ஆமா தப்பான ஆமா இல்லை. “இடையில தூரமாயிட்டா கழட்டணுமா?” என்று கேட்டேன், அதுதான் பயம். “அம்மனும் பொம்பளைதான. ஏழு நாள் ஒதுங்கி இரு, மாலை கழுத்துல கிடக்கட்டும்,” என்றாள். பிறகு, யாருக்கும் கேட்காமல், “நாப்பத்தொண்ணு போதுமா? காணலன்னா சொல்லு, கூட்டிக்கிடலாம்,” என்றாள். கழுத்தை நீட்டினேன்.

நான் வீட்டுக்குப் போனபோது வேன் வந்து நின்றிருந்தது. வாசலில் தேங்காய் உடைத்த தண்ணீர். அத்தை கற்பூரம் காட்டி, மகன் கழுத்தில் இருந்து மாலையைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போடுகிறாள். கழற்றின நிமிஷமே அவர் முதுகு மாறுவதைப் பின்னால் இருந்து பார்த்தேன். கழுத்தைச் சொடுக்கினார். “எங்க அவ?” என்றார். திரும்பினார். சிவப்புச் சேலையையும் மணியையும் பார்த்து முதலில் யாரோ என்று கும்பிடக் கை எடுத்துவிட்டார், பிறகு முகம் தெரிந்தது. “எவனக் கேட்டுட்டி போட்ட?” கை மேலே போயிற்று. நான் மூலைக்குப் போகவில்லை. கண்ணை மூடிவிட்டேன், திறந்து வைக்க மட்டும் என்னால் முடியவில்லை. கேட்டது அத்தையின் குரல். “ஏலே, தொடாதல! அம்மன் மாலை! கை விளங்காமப் போயிரும். உனக்கு மட்டுமா, என் குடும்பத்துக்கே ஆகாது!” அவள் ஓடிவந்து அவருடைய ஓங்கிய கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கை இறங்கவும் முடியாமல் அடிக்கவும் முடியாமல் அங்கேயே நின்றது. “எத்தனை நாளு?” என்றார் பல்லுக்குள். சொன்னேன். தப்பில்லாமல் சொன்னேன்.

பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு, மேலே படாமல் உள்ளே போய், எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்துக் கழுவி, சாமி அறையில் பாய் விரித்து, கதவை உள்பக்கம் தாழ் போட்டேன்.